மீன் இல்லாத ஒரு மாதம்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால், நன்னீர் மீன் தொட்டிகளின் முன்னால் பேரமும் சத்தமுமாக இருக்கும். கடல் மீன் வைத்திருக்கும் கடைக்குள் நுழைகிறவர்களுக்கோ கொஞ்ச நேரம் பேச்சே வராது. பிள்ளைகள் மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு "நீமோ!" என்று கத்துவார்கள். 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்தது 2003-ல். அன்று திரையரங்கில் கத்திய பிள்ளைகள்தான் இன்று தங்கள் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு பர்ஸைத் திறக்கிறார்கள்.

பிறகு நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

"அண்ணா, தொட்டி, உப்பு, லைட், பாறை எல்லாம் இன்னிக்கே எடுத்துக்கறேன். மீனையும் சேர்த்து எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கோங்க சார். இந்த பாட்டில்ல ஒரு மூடி ஊத்திட்டு விடுங்க. ஒண்ணும் ஆகாது."

இன்னொரு பதிலும் உண்டு. "தொட்டியை செட் பண்ணி ஓடவிடுங்க சார். ஒரு மாசம் கழிச்சு வாங்க. மீன் எங்கேயும் ஓடிடாது." இப்படிச் சொல்கிற கடை கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பணத்தை நீட்டுகிறவரிடம் மீனைத் தர மறுக்கிற கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர் என்பது இந்தப் பொழுதுபோக்கின் விசித்திரங்களில் ஒன்று.

அந்த ஒரு மாதத்தில் தொட்டிக்குள் தண்ணீர் சுற்றும், பாறை இருக்கும், மணல் இருக்கும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "மீன் எங்கேப்பா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கடல் மீன் தொட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த மாதம்தான். விலையுயர்ந்த விளக்கோ ஜெர்மன் பம்போ அப்புறம்தான். இதை 'டேங்க் சைக்கிள் பண்றது' என்பார்கள் இத்துறையில் இருப்பவர்கள். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தச் சொல்லைக் கேள்விப்படுவதே முதல் மீன் செத்த பிறகுதான்.

செவுளில் தொடங்கும் நஞ்சு

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாக வெளியேற்றுகிறது. அதுவும் முக்கியமாகச் செவுள் வழியாக. மூச்சுவிடும்போதெல்லாம் அமோனியா வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. தின்னாமல் மிச்சம் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். கடலில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில், பாறையும் மணலும் போக மிஞ்சுவது சுமார் 150 லிட்டர். அந்தத் தண்ணீருக்குள் வந்த அமோனியாவுக்குப் போக்கிடம் கிடையாது.

இதில் கடல்நீருக்கென்று ஒரு கூடுதல் கெடுதல் இருக்கிறது. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். மின்னூட்டம் ஏறிய அம்மோனியம் மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மின்னூட்டம் இல்லாத அமோனியா செவுளுக்குள் நேராகப் புகுந்துவிடும். எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. பி.எச். ஓர் எண் ஏறினால் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். நன்னீர்த் தொட்டிகள் பல 7-ஐ ஒட்டி இருக்கும். கடல்நீர் 8.1-க்கும் 8.4-க்கும் நடுவில் இருக்கவேண்டும். அதனால்தான் தங்கமீன் தாக்குப்பிடிக்கும் அமோனியா அளவில் கோமாளி மீன், அதாவது அந்த நீமோ, சுருண்டுவிடுகிறது.

அறிகுறிகள் தெளிவாகவே தெரியும். முதல் நாள் மீன் சுறுசுறுப்பாக இருக்கும். அடுத்த சில நாட்களில் செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொள்ளும். மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து நிற்கும். தீனியைத் திரும்பிப் பார்க்காது. ஆக்சிஜன் குறைவு என்று நினைத்து வீட்டுக்காரர் இன்னொரு ஏர் பம்ப் வாங்கி வருவார். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. வெந்துபோன செவுளால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அந்த மருந்தில் தாமிரம் இருந்தால் கதை இன்னும் மோசம். பின்னால் அந்தத் தொட்டியில் இறால், நத்தை, பவளம் எதையும் நம்பி விடமுடியாது.

இந்த நஞ்சை மாற்ற இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் வேண்டும். முதல் கூட்டம் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும். இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. தண்ணீரை அவ்வப்போது மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு கூட்டமும் மிதந்து திரிபவை அல்ல. பாறை, மணல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் என்று ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் பலன் இல்லாதது இதனால்தான்.

இவை பெருகும் வேகம்தான் நம் பொறுமையைச் சோதிப்பது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இந்த அமோனியாத் தின்னிகளுக்கு அதே இரட்டிப்புக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். ஒரு மாதம் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

அப்பாவும் மகனும்

இந்த விஷயத்தை மனிதர்கள் தெரிந்துகொண்ட வரலாற்றில் ஓர் அப்பாவும் மகனும் வருகிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் மீன் தொட்டி மோகம் தலைக்கேறி இருந்தது. 1846-ல் அன்னா தின் என்ற பெண்மணி டார்க்கே கடற்கரையிலிருந்து பவள உயிரிகளை லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். தண்ணீரில் காற்றுக் கலப்பதற்காக அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றவேண்டியிருந்தது. அந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, சில நத்தைகள் ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீரை மாற்றாமலேயே அவை வாழ்வதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். செடி ஆக்சிஜன் தருகிறது, மீன் அதை வாங்கிக்கொள்கிறது, அழுகும் இலையை நத்தை தின்கிறது. கணக்கு சரியாக இருப்பதாகத் தோன்றியது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகமும் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கில் அமோனியாவுக்கு இடமே இல்லை. நுண்ணுயிர்கள் அதை மாற்றிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பேர் சாக்கடை நீரை மண் எப்படிச் சுத்தப்படுத்துகிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரைச் சொட்டுச்சொட்டாக வடியவிட்டார்கள். 20 நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை; போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்கப்புறம் நைட்ரேட் வரத் தொடங்கியது, அமோனியா மறைந்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்கவேண்டுமே? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றது. புதிய மண் கலந்த நீரைச் சேர்த்தார்கள், மறுபடி வந்தது. வேலை செய்வது ஓர் உயிர் என்பது உறுதியானது. இன்று கொளத்தூரில் வாங்கிய தொட்டியில் நாம் செய்வது அச்சு அசலாக அந்தச் சோதனைதான். அந்த 20 நாள் மௌனம் உட்பட.

அதைக் கேள்விப்பட்டு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தங்கமீன் தொட்டிக்காரரின் மகன். அமோனியா நேரடியாக நைட்ரேட்டாவதில்லை. நடுவில் நைட்ரைட் என்ற படி இருக்கிறது. இரண்டு படிகளுக்கும் வெவ்வேறு உயிர்கள் வேண்டும் என்று காட்டியவர் அவர். அப்பா 1867-லேயே காலமாகிவிட்டார். தன் தொட்டி ஏன் பிழைத்தது என்பதன் பாதி விடையை மகன் வயல் மண்ணிலிருந்து எடுப்பான் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மகனாலும் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. நுண்ணுயிர் வளர்ப்பதென்றால் இறைச்சிச் சாறு, ஜெலட்டின் என்று சத்துள்ளதாகக் கொடுப்பது அக்கால வழக்கம். இவையோ அதைச் சீண்டாதவை. கரிமச் சத்து எதுவும் இல்லாத ஊடகத்தில் வளர்த்து 1890-ல் ஜூரிச்சில் அவற்றைப் பிரித்துக் காட்டினார் ரஷ்யரான செர்கெய் வினோகிராட்ஸ்கி.

கதை அதோடு முடியவில்லை. அமோனியாவை மாற்றுவது நைட்ரோசோமோனாஸ் வகை, நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் வகை என்று நூறு ஆண்டுகளாகப் பாடப்புத்தகம் சொல்லிவந்தது. 1990-களில் டிமோதி ஹோவனெக் என்ற ஆய்வாளர் மீன் தொட்டிகளில் தேடியபோது நைட்ரோபாக்டர் அகப்படவில்லை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா. 2005-ல் இன்னொரு அதிர்ச்சி. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல் தொட்டியின் சரளைக்கல்லிலிருந்து அமோனியாவைத் தின்னும் புதிய உயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை; ஆர்க்கியா என்ற தனிக்குலம். நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள். பாக்டீரியா பட்டினி கிடக்கும் அளவுக்கு அமோனியா குறைந்த தண்ணீரிலும் அது வாழும். பெருங்கடல்களில் இந்த வேலையில் பெரும்பங்கு இந்தக் குலத்தினுடையது என்பது பிறகு தெரியவந்தது. உலகக் கடல்களின் நைட்ரஜன் கணக்கைத் திருத்தி எழுதவைத்தது ஒரு மீன் தொட்டியின் கல். பொழுதுபோக்கு என்று இதை அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எந்தத் தண்ணீர், எந்தப் பாறை

சென்னைக்காரருக்கு முதலில் வரும் யோசனை, "கடல் பக்கத்திலேயே இருக்க உப்பை எதற்கு வாங்கவேண்டும்?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் கரையிலிருந்து கேனில் அள்ளி வருவது என்ன என்று யோசியுங்கள். அது போக, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கரையோரக் கடலின் உப்பு கணிசமாகக் குறைந்துவிடும். ஜனவரியில் அள்ளும் தண்ணீரும் மே மாதத்தில் அள்ளும் தண்ணீரும் ஒன்றல்ல. படகில் தூரம் போய் எடுத்துவரும் வசதி உள்ளவர்களை விடுங்கள். மற்றவர்கள் செயற்கைக் கடல் உப்பை வாங்கிக் கலப்பதே உத்தமம்.

சமையல் உப்பு ஆகாது என்று சொல்லவேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், சொல்லவேண்டியிருக்கிறது. கடல்நீரில் சோடியம் குளோரைடோடு லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம், அதை ஒட்டிய அளவில் பொட்டாசியம், இன்னும் எத்தனையோ கலந்திருக்கின்றன. கடல் உப்புக் கலவை லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தண்ணீரில் உப்பைக் கொட்டவேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து வீணாகிவிடும். பவர்ஹெட் என்ற சின்ன பம்ப் போட்டுச் சுழலவிட்டு, தெளிந்த பிறகு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஆயிரத்துக்கு 35 காட்டவேண்டும். ஒப்படர்த்தியில் சொன்னால் 1.025 முதல் 1.026.

உப்பைக் கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கவேண்டும். இங்கேதான் நம் ஊர் வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்தவற்றின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரையும் அது கலந்துவிடும். சில மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று தாமிரம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் இருக்கும். நமக்கு நல்லதோ இல்லையோ, இறாலுக்கும் பவளத்துக்கும் அது எமன். கேன் வாட்டரிலும் தாதுக்கள் சேர்த்திருப்பார்கள். டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து, பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்டவும் இதே உப்பில்லாத தண்ணீர்தான். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பாறை விஷயம் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர் 1961-ல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளை அப்படியே தொட்டியில் வைத்து மீன் வளர்க்கும் முறையை எழுதினார். உலகம் முழுவதும் 'லைவ் ராக்' முறை அங்கிருந்து பரவியது. பாறையோடு நுண்ணுயிர்களும் வந்துவிடுவதால் சைக்கிள் சீக்கிரம் முடியும். ஆனால் அந்தப் பாறை என்பது இறந்த பவளத்தின் எலும்புக்கூடு. இந்தியாவில் 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், சேர்க்கப்பட்டன. காரணம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளையே கடலுக்குக் கொடுத்துவிட்டோம். "ராமேஸ்வரம் பக்கத்து ஒரிஜினல் லைவ் ராக் சார்" என்று யாராவது கிசுகிசுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

செயற்கையாக வார்த்த பாறையோ துளைகள் நிறைந்த பீங்கான் கற்களோ போதும். அவற்றில் உயிர் எதுவும் ஒட்டியிருக்காது. சைக்கிளைச் சுத்தமாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். ஏற்கெனவே நன்றாக ஓடும் கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி பீங்கான் கற்களைக் கேட்டு வாங்கிப் போடலாம். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். வேலை பாதியாகக் குறையும். அவர் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம் நவச்சாரம்

நுண்ணுயிர் வளர அமோனியா வேண்டும். மீன் இல்லாமல் அமோனியா எங்கிருந்து வரும்?

பழைய வழி, இரண்டு மூன்று டாம்சல் மீன்களை விடுவது. தாங்கும் சக்தி உள்ள மீன், மலிவான மீன், செத்தால் போகிறது என்ற கணக்கு. கொடுமை என்பது ஒரு பக்கம். தப்பிப் பிழைக்கும் டாம்சல் அந்தத் தொட்டியையே தன் சொத்தாக எழுதிக்கொள்ளும் என்பது இன்னொரு பக்கம். பின்னால் வருகிற ஒவ்வொரு மீனையும் துரத்தித் துரத்திக் கடிக்கும். அதைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டுமானால் அடுக்கிவைத்த பாறை அத்தனையையும் பெயர்க்கவேண்டும்.

இன்னொரு வழி, ஓர் இறாலைப் போட்டு அழுகவிடுவது. வேலை செய்யும். ஆனால் எவ்வளவு அமோனியா வரும் என்பது நம் கையில் இல்லை. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாரின் பொறுமையும் நம் கையில் இல்லை.

சுத்தமான வழி அம்மோனியம் குளோரைடு. நம் தாத்தா பாட்டிக்கு இது தெரிந்த சரக்குதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவுவாரே, அந்த நவச்சாரம். ஈயம் பூசுகிறவரின் நவச்சாரத்தில் வேறு என்னென்ன உலோகம் கலந்திருக்குமோ, அதனால் ஆய்வகத் தரத்தில் உள்ளதைத்தான் வாங்கவேண்டும். 150 லிட்டர் தண்ணீரில் அமோனியா 2 பி.பி.எம். அளவுக்கு வர ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவான நவச்சாரம் போதும். தங்கம் நிறுக்கிற மாதிரி சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. கண்ணளவில் ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டால் நுண்ணுயிர்களே திணறிப்போகும்.

பாட்டில் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்பீர்கள். சில நிஜமாகவே வேலை செய்கின்றன. ஆனால் அமோனியாவைத் தின்னும் இந்த இனங்கள் வித்தாக மாறி உறங்கத் தெரியாதவை. வெயிலில் லாரியில் வெந்து, கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பாட்டிலுக்குள் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது சந்தேகம். வித்தாக உறங்கக்கூடிய பாசில்லஸ் வகை நிரப்பிய பாட்டில்களும் விற்பனையில் இருக்கின்றன. அவை அழுக்கைச் செரிக்கும். அமோனியாவை மாற்றும் வேலை அவற்றுடையதல்ல. வாங்கினால் தேதி பார்த்து, குளிர்ச்சியாக வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். ஊற்றிய பிறகும் அதை நம்பாதீர்கள். டெஸ்ட் கிட்டை நம்புங்கள்.

டெஸ்ட் கிட்டில் முதல் பதினைந்து நாள் ஒரு தியானம் மாதிரிப் போகும். பரவலாகக் கிடைக்கும் சொட்டுமருந்து கிட்டில், 5 மில்லி தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, முதல் பாட்டிலில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு. மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருந்தால், அமோனியா இல்லாவிட்டால் மஞ்சள், இருந்தால் பச்சை. மஞ்சளா, இளம்பச்சையா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் வீட்டில் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நைட்ரேட் சோதனையில் இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து படிந்துவிடும். அதை முப்பது நொடி பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால், எவ்வளவு நைட்ரேட் இருந்தாலும் குழாய் மஞ்சளாகவே நின்று ஏமாற்றும். நைட்ரைட் ஏறி நிற்கும் வாரங்களில் நைட்ரேட் சோதனையே தேவையில்லை. அந்தக் கிட் நைட்ரைட்டையும் நைட்ரேட் என்றே காட்டித் தொலைக்கும்.

வழக்கமாக நடப்பது இது. அமோனியா பல நாள் அசையாமல் நிற்கும். பிறகு ஒரு நாள் நைட்ரைட் குழாயில் ஊதா நிறம் தட்டும். அமோனியா இறங்கத் தொடங்கும். அமோனியா இறங்கிய மகிழ்ச்சியில் மீன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். நைட்ரைட் இறங்குவது இன்னும் தாமதமாகும். கடல் தொட்டியில் ஓர் ஆறுதல், நைட்ரைட் இங்கே அவ்வளவு கொடிய நஞ்சல்ல; கடல்நீரில் மிதமிஞ்சி இருக்கும் குளோரைடு, செவுளுக்குள் நைட்ரைட் நுழையவிடாமல் போட்டியிடுகிறது. இருந்தாலும் அது பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுப்பதுதான் முறை. இரண்டாவது கூட்டம் குடியேறிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

எல்லாம் சேர்ந்து நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். சென்னை வெப்பம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். 28 டிகிரித் தண்ணீரில் இவை உற்சாகமாகவே பெருகும். விளக்கைப் போடவேண்டாம். இவற்றுக்கு வெளிச்சம் பிடிக்காது, பாசிக்குத்தான் பிடிக்கும். தண்ணீரின் மேற்பரப்பு நன்றாக அலையடிக்கும்படி பம்பைத் திருப்பி வையுங்கள். அமோனியாவை மாற்ற இவற்றுக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும்; சூடான உப்புநீரிலோ ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாட்காட்டி உதவாது. ஓர் இரவு மறுபடி 2 பி.பி.எம். அமோனியா போடுங்கள். மறுநாள் இரவு அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் முடிந்தது. சந்தேகம் இருந்தால் இன்னொரு தடவை. பிறகு சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரையாவது மாற்றிவிட்டு மீனை யோசிக்கலாம்.

பழுப்பு வாரங்கள்

விளக்கைப் போட ஆரம்பித்ததும் வெள்ளை மணலில் பழுப்பு நிறப் படலம் படரும். டயட்டம் என்ற ஒருசெல் பாசி. அது போனால் பச்சை இழைப் பாசி, சில தொட்டிகளில் கருஞ்சிவப்பாக வழவழவென்று சயனோபாக்டீரியா. ஆசையாக அமைத்த தொட்டி அசிங்கமாகிவிட்டதே என்று பலர் இந்த இடத்தில் பாறைகளைத் தேய்த்துக் கழுவி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தேவையில்லை. தீனியைக் குறைத்து, நத்தைகளை விட்டு, விளக்கு நேரத்தைக் குறைத்தால் தானாகக் கடந்துபோகும்.

முதல் மீன்

இரண்டு சின்னக் கோமாளி மீன்கள். அவ்வளவுதான். நீமோ படத்தின் டோரி வேண்டும் என்று குழந்தை அழும் நீல மீன் கடையில்தான் சிறியது. வளர்ந்தால் இந்தத் தொட்டி அதற்குப் போதாது.

குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த மீன் தீனி உருண்டையைத் தின்னப் பழகியிருக்கும். கடலில் வலை வீசிப் பிடித்தது அந்தப் பழக்கத்துக்கு வருவதற்குள் பல செத்துவிடும். சிறியவையாக இரண்டு வாங்கினால் ஆண், பெண் என்று தேடவேண்டாம். இவை எல்லாம் ஆணாகவே தொடங்கும்; இரண்டில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறிவிடும். கடலில் இவை குடியிருக்கும் கடல் சாமந்தி வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

மூன்றாவது மீனுக்குச் சில வாரம் விடுங்கள். கிடைக்கும் தீனிக்கு ஏற்றபடிதான் நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கும். ஒரே நாளில் ஐந்து மீனை இறக்கினால் அமோனியா மறுபடி தலைதூக்கும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பம்ப் நின்றால் மீனுக்கு மட்டுமல்ல, மூடிய ஃபில்டருக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் மூச்சு முட்டும். மின்சாரம் வந்ததும் அந்த ஃபில்டரை அப்படியே ஓடவிட்டால், உள்ளே செத்து அழுகியது எல்லாம் தொட்டிக்குள் வரும்.

புயலைவிட ஆபத்தான நாள் போகிக்கு முந்தைய வாரம். வீடு முழுக்கத் துடைத்துக் கழுவுகிற சுறுசுறுப்பில், பழுப்பேறிக் கிடக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் யாராவது ஒருவர் அக்கறையாக எடுத்துக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று அலசிவிடுவார். மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஸ்பாஞ்சை அலசவேண்டுமென்றால், தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதிலேயே இரண்டு முறை பிழிந்து எடுத்தால் போதும். அழுக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.